விட்டுப்போன மூன்று எண்கள்

செய்தி வந்தபோது மணி பதினொன்று இருபது. நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் நகல் கடையில் மருமகள் ஒரு வீட்டுப் பத்திரத்தை இருபது பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். பதினான்காவது தாள் வெளியே வரும்போது கைப்பேசி அடித்தது. பேசியது சலவைக்கடை அக்கா. பாதித் தெருவுக்குக் கேட்கிற அவள் குரல் அன்று சரியாகக் கேட்கவே இல்லை. "உன் மாமா அந்தப் போர்டுக்கு எதிர்ல உக்காந்திருந்தார்மா. கூப்பிட்டேன், திரும்பல. நீ வா" என்று மட்டும் சொன்னாள். மருமகள் "சரிக்கா" என்றாள். மீதி ஆறு தாள் வெளியே வரும்வரை நின்றாள். எதற்காக நின்றாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, பின் அடித்துக் காத்திருந்தவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டினாள்.

இறந்தவருக்கு அறுபத்தாறு வயது. அவளுக்கு மாமனார், ஊருக்கு 'மீட்டர்'. பெற்றோர் வைத்த பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். பையில் நான்கு சாமான் இருக்கும். கண்ணாடியில் படிந்த சேற்றைத் துடைக்க ஒரு பழைய டூத் பிரஷ், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருக்கும் மீட்டர்களைப் படிக்க ஒரு கைக்கண்ணாடி, ஒரு டார்ச், முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. கம்பியின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி மறுமுனையைக் காதோரம் வைத்தால், எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகப் போன இரண்டு முறையும் யார் வீட்டு முற்றத்தைத் தோண்டினார்கள் என்பதை அவரே எல்லாரிடமும் சொல்லுவார்.

ஒரு வீட்டின் தண்ணீர்க் கணக்கு அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாதது குறைவு. யார் வீட்டில் விருந்தாளி வந்து மாதக்கணக்கில் தங்கிவிட்டார், யார் வீட்டுப் பிள்ளை வெளியூர் போய்விட்டான், எந்தக் கணவனும் மனைவியும் பேச்சை நிறுத்திவிட்டுத் தனித்தனியாகத் துணி துவைக்கிறார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. "எனக்குத் தெரியறதை எல்லாம் சொன்னா இந்த ஊர்ல பாதிப் பேர் வீட்டை வித்துட்டுப் போகணும்" என்று மட்டும் மருமகளிடம் ஒருமுறை சொன்னார். யார் யார் என்று அவள் எவ்வளவு கிண்டியும் வாயைத் திறக்கவில்லை.

மீட்டரின் முகப்பில் எண்கள் இரண்டு நிறத்தில் இருக்கும். கறுப்பு எண்கள் ஆயிரம் லிட்டர் கணக்கு. அதற்கு வலப்பக்கம் சிவப்பில் ஓடும் மூன்று எண்கள் ஆயிரத்துக்குக் கீழே உள்ள சில்லறை லிட்டர். கறுப்பை எழுது, சிவப்பை விடு என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அலுவலகத்தில் யாரும் அளவின் பெயரைச் சொல்வதும் கிடையாது. 'அந்த வீடு பதினேழு' என்றால் பதினேழாயிரம் லிட்டர். முப்பத்தொரு வருடத்தில் இந்தப் பழக்கம் அவருடைய மற்ற காரியங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. மணி என்ன என்று கேட்டால் பத்து ஐம்பதுக்கும் 'பத்து' என்பார். இதை நம்பி அவர் மனைவி தவறவிட்ட பேருந்துகள் பல. அத்தை இருந்தவரை, "உங்க அப்பாகிட்ட மணி கேக்கறதுக்கு வெயிலைப் பாத்துக்கலாம்" என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போய் எட்டு வருடம் ஆகிறது.

அதற்குப் பிறகு வீட்டில் மூன்று பேர். மகன் கேபிள் பதிக்கிற வேலை செய்கிறான். ஒப்பந்தம் எங்கே கிடைக்கிறதோ அங்கே குழி வெட்டி, கேபிள் இறக்கி, மூடிவிட்டு வருவான். மருமகள் வரலாறு படித்தவள். படித்ததற்கும் நகல் கடைக்கும் சம்பந்தம் இல்லை என்று அவளே சொல்லுவாள், ஆனால் ஊரில் பாதி மனுக்கள் அவள் கையால்தான் தட்டச்சாகின்றன. கடையில் வீணாகும் தாள்களை மாமனார் வாரம் ஒருமுறை அள்ளிக்கொண்டு வந்து, பின்பக்கத்தில் கணக்கோ குறிப்போ எழுதுவார். ஒரு பக்கம் காலியாக இருக்கிற தாளைக் குப்பையில் போடுவது அவருக்கு ஆகவே ஆகாது.

பிரச்சினை அந்தத் தாள்களில் ஒன்றில்தான் ஆரம்பித்தது.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் பழைய நூல் ஆலை இருந்த இடத்தைச் சுற்றி ஒருநாள் நீலத் தகர வேலி முளைத்தது. 'சேமிப்புக் கிடங்கு. அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று ஒரு சின்னப் பலகை. கீழே யாரும் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயர். சில நாளில் வேலியோரம் குழாய்கள் வந்து இறங்கின. மாமனார் நடைப்பயிற்சியைத் திருப்பி அந்தப் பக்கம் விட்டார். ஒரு குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார், தோள்வரை போனது. பிறகு தலையை விட்டுப் பார்த்தார், அதுவும் போனது. காவல்காரர் ஓடி வந்து, தாத்தாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். கிடங்கில் என்ன வைக்கப் போகிறார்கள் என்று இவர் கேட்டார். சாமான் என்றார் அவர். "என்ன சாமான்? திமிங்கிலமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

அன்றைக்கு மாலையே, வீட்டில் கிடந்த வீண் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுத உட்கார்ந்தவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மெஷினில் சிக்கிக் கசங்கிய ஒரு வரைபடத்தின் கால்பகுதி. ஆலை இருந்த இடம், அதே குழாய், பக்கத்தில் 'நாளொன்றுக்குத் தேவை' என்று ஒரு நீண்ட எண். வரைபடத்தைக் கொண்டுவந்தவர் கடையில் நகல் எடுத்துவிட்டுக் கெட்டுப்போன தாளைக் கூடையில் போட்டுப் போயிருந்தார். மாமனார் தாளை மடித்து வைத்துக்கொண்டார், மருமகளிடமும் காட்டவில்லை. அது அவள் கடையிலிருந்து வந்தது என்று தெரிந்தால் அவள் வேலைக்கு ஆபத்து என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

என்ன கட்டடம் என்பது சாப்பிடும்போது மகன் வாயிலிருந்து வந்தது. அங்கே கேபிள் பதிக்க அவனுக்கு இரண்டு வருட வேலை பேசி முடித்திருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் உளறிவிட்டான். டேட்டா சென்டராம், ஆள் நடமாட்டமே இல்லாமல் மாடி மாடியாகக் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைப்பார்களாம், ராத்திரி பகல் ஓடிச் சூடாகுமாம், அதைக் குளிர வைக்கத்தான் தண்ணீராம். சொல்லி முடித்த பிறகுதான், வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"அப்பா, நான் வீட்டுல சொன்னதை நீங்க ஊர்ல சொன்னீங்கன்னா என் வேலை போச்சு."

"நீ சொன்னதைச் சொல்லமாட்டேன். நான் பாத்ததைத்தான் சொல்லுவேன்."

"நீங்க என்னத்தைப் பாத்தீங்க? குழாய்க்குள்ள தலையை விட்டீங்களாம், காவல்காரர் சொல்லிச் சிரிக்கிறார்."

மாமனார் தட்டைக் கழுவ எழுந்து போய்விட்டார். அடுத்த மாதக் கூட்டத்தில் கட்டட அனுமதி கொடுத்துவிடப் போகிறார்கள் என்பது அலுவலகத்தில் பழைய ஆட்களைப் பார்த்தபோது தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு மனு கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றுதான். "கட்ட வேணாம்னு நான் சொல்லலம்மா. என்ன கட்டறாங்க, எவ்வளவு தண்ணி எடுப்பாங்க, எவ்வளவு கரண்டு, எவ்வளவு சத்தம்னு வாசல்ல பெருசா எழுதி வெச்சுட்டு, ஒரு மாசம் எல்லாரும் பாத்தப்புறம் கட்டட்டும். ஒரு வீட்டுக்குக் குழாய் கொடுக்கவே நாம எத்தனை கேள்வி கேக்கறோம்?"

மனுவை மருமகள்தான் அடித்தாள். மத்தியானம், கடையில் கூட்டம் இல்லாத நேரம். மாமனாரின் கண்ணாடி காது உடைந்து பழுதுபார்க்கக் கொடுத்திருந்தது. அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் வாயால் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். எண் வரும் இடத்தில், "ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது" என்றார். 1,840 என்று அடித்தாள். அளவின் பெயரை அவர் சொல்லவில்லை. வெறும் எண்ணை எப்படி விடுவது என்று அவள் பக்கத்தில் 'லிட்டர்' என்று சேர்த்தாள். தண்ணீர் லிட்டரில்தானே இருக்கும். இவ்வளவுதானா என்று ஒரு நொடி தோன்றியது. கேட்டிருக்கலாம். அதற்குள் அடையாள அட்டை நகலுக்கு ஒருவர் வந்து நின்றார். மாமனார் கண்ணாடி இல்லாமல், அவள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

கூட்டம் நகராட்சி மன்றத்தில் ஒரு புதன்கிழமை காலை. பதினொரு உறுப்பினர்கள், தலைவர், எழுத்தர், சுவரோரம் பொதுமக்களுக்கு நாற்பது நாற்காலி. நிறுவனத்தின் பிரதிநிதி அந்தப் புழுக்கத்திலும் கோட்டுப் போட்டு வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலவைக்கடை அக்கா, "அந்தக் கோட்டை எங்கிட்ட கொடுத்தா ரெண்டு தடவை அலசணும்" என்று மருமகள் காதில் சொன்னாள். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் 'கோட்டு'.

தலைவர் மனுவைப் படித்தார். நாளொன்றுக்கு 1,840 லிட்டர் தண்ணீர் எடுக்கவிருக்கும் கட்டடத்தைப் பற்றி ஊருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். "மீட்டர், உங்க சந்துல நாலு வீடு சேந்தா அதைவிட அதிகம் செலவாகுமே" என்றார் இன்னொருவர். மன்றமே சிரித்தது.

கோட்டு எழுந்து நின்றார். "பெரியவர் எழுதியிருக்கிற அளவு பத்தி எங்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லைங்க. பயப்பட ஒண்ணுமில்லைன்னு அவரே எழுதிக் கொடுத்துட்டார்" என்றார்.

மாமனார் மனுவின் நகலைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சொல்லில் கண் நின்றுவிட்டது. மருமகளுக்கும் அப்போதுதான் புரிந்தது. அவர் எங்கேயோ பார்த்த நீண்ட எண்ணில் கடைசி மூன்றைப் பழக்கத்தில் விட்டுவிட்டார். அவர் சொன்னது ஆயிரம் லிட்டர் கணக்கில். அதற்குப் பக்கத்தில் லிட்டர் என்று போட்டது அவள். இரண்டு பேரும் சேர்ந்து பதினெட்டு லட்சத்தை ஆயிரத்து எண்ணூறாக ஆக்கி, ஊர் முன்னால் வைத்துவிட்டார்கள். அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாமனார் எழுந்திருக்கப் பார்த்தார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தாரோ என்னவோ, பாதியில் உட்கார்ந்துவிட்டார்.

எழுந்தது சலவைக்கடை அக்கா.

"ஒரு சந்தேகங்க. என் கடைக்கே ஒரு நாளைக்கு மூவாயிரம் லிட்டர் ஆகுது. எனக்கு முக்கால் இஞ்சு குழாய் கொடுத்திருக்கீங்க. அவங்களுக்கு என்னைவிடக் கம்மின்னா அரை இஞ்சு போதும்தானே? அதை அப்படியே தீர்மானத்துல எழுதிக்குங்க. வேலியோரம் இறக்கி வெச்சிருக்காங்களே, அந்தக் குழாய்ல என் துணி மூட்டையே உள்ள போயிடும். அதைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க, இடத்தை அடைக்குது."

மறுபடியும் சிரிப்பு வந்தது. இந்த முறை சுவரோரத்திலிருந்து. தலைவர் குடிநீர்ப் பொறியாளரைப் பார்த்தார். அரை இஞ்சு தாராளம் என்றார் பொறியாளர். எழுத்தர் எழுத ஆரம்பித்தார்.

"அதை எழுத வேண்டாம்" என்றார் கோட்டு.

"ஏன்?"

"அந்த எண் சரியில்லை."

"இப்பதானே ஆட்சேபணை இல்லைன்னீங்க? சரியான எண் எது?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாதுங்க."

பின்னாலிருந்து யாரோ, தலைவருக்காவது தெரியுமா என்று கேட்டார்கள். தலைவர் பேனாவைத் திறந்தார், மூடினார். "தெரியும். வெளியே சொல்றதில்லைன்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்" என்றார்.

சலவைக்கடை அக்கா உட்காருவதற்கு முன் இன்னும் ஒன்று சொன்னாள். சத்தம் போடவில்லை, பக்கத்து ஆளிடம் சொல்வதுபோல்தான் சொன்னாள். "அப்ப எங்க தண்ணிக் கணக்கு எங்களைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு."

அன்று அனுமதி கொடுக்கப்படவில்லை.

வெளியே வந்ததும் ஆளாளுக்கு மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பொறி வைத்துப் பிடித்துவிட்டார் என்றார்கள். வேண்டுமென்றே சின்ன எண்ணை எழுதி, அவர்கள் வாயாலேயே மறுக்க வைத்துவிட்டாராம். அவர் இல்லையப்பா, தெரியாமல் நடந்த தப்பு என்றார். நம்பவில்லை. மறுக்க மறுக்க, பெரிய ஆளுய்யா, ஒத்துக்கவே மாட்டேங்கிறார் என்று பேர் கூடிக்கொண்டே போனது.

வீட்டுக்கு நடந்து போகும்போது கேட்டார்: "நான் லிட்டர்னு சொன்னேனா?"

"இல்ல மாமா. நான்தான் போட்டேன்."

"ம்."

அடுத்த தெருவுக்குத் திரும்பினார்கள். பிறகு, "மூணு எண்ணை விட்டது நான். நீ போட்டது அப்புறம்தான்" என்றார்.

அந்த வாரமே, மடித்து வைத்திருந்த வரைபடத் தாளை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிசைந்து, சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்த எலி வளையை அடைத்தார். எண் எப்படிக் கசிந்தது என்று நிறுவனம் விசாரிப்பதாக மகன் சொல்லியிருந்தான். சொன்னது மனைவியிடம், அவரிடம் அல்ல. கூட்டத்துக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. வேலை ஆரம்பிப்பது தள்ளிப்போனதால் அவன் வீட்டிலேயே இருந்தான். ஒரே அறையில் இருந்துகொண்டு அவள் வழியாகப் பேசிக்கொண்டார்கள். 'உன் மாமனாரை டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லு', 'உன் புருஷனுக்குக் காது நல்லா கேக்குதுன்னு சந்தோஷம்னு சொல்லு'. அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அவர்களுக்குத்தான் ஏற்கெனவே கேட்டுவிட்டதே.

அடுத்தடுத்த இரண்டு கூட்டங்களில் விதி வந்தது. ஏழு பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. இப்படிப்பட்ட கட்டடம் எதுவானாலும் அனுமதிக்கு முன் முப்பது நாள் வாசலில் பலகை இருக்க வேண்டும். உண்மையான உரிமையாளர் யார், கட்டடம் எதற்கு, தண்ணீர் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, ஜெனரேட்டர் எத்தனை, சத்தம் எவ்வளவு என்று எழுத வேண்டும். உறுப்பினர்கள் ரகசியக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. எழுத்துகள் ஓர் உள்ளங்கை உயரமாவது இருக்க வேண்டும் என்பது மாமனார் எழுதிக் கொடுத்த யோசனை. பேருந்தில் போகிறவர்களும் படிக்க வேண்டுமாம். தண்ணீர் லிட்டரில், முழு எண்ணாக, ஓர் இலக்கம்கூட விடாமல் எழுதப்பட வேண்டும் என்பதும் அவர் யோசனைதான். அதை எழுதும்போது அவர் மருமகளைப் பார்க்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. நகராட்சியின் கூட்டப் பதிவேட்டில் தன் பேரில் 1,840 லிட்டர் என்று இருப்பது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் அவர் எழுதிய எண்ணை யாரும் அடித்துத் திருத்தியதில்லை. திருத்தக் கடிதம் ஒன்று கொடுக்க வேண்டும் என்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று கேட்டாள் அவள். "நல்லபடியா முடிஞ்சது அதும்பாட்டுக்கு இருக்கட்டும். கையெழுத்து என்னுது" என்றார்.

கடிதத்தை அடித்தார்கள். 'மேற்படி மனுவில் 1,840 லிட்டர் என்று கண்டிருப்பது பிழை. சரியான அளவு' என்ற இடத்தில் நின்றது. தாள் எலி வளைக்குள் இருந்தது. கடைசி மூன்று எண் என்ன என்று அவருக்கு ஞாபகமே இல்லை.

"சிவப்பை ஞாபகம் வெச்சுக்கற பழக்கம் இல்லையேம்மா."

"ஏறக்குறைய பதினெட்டு லட்சம்னு போட்டுடலாமா மாமா?"

"ஏறக்குறையவா? இனிமே கண்ணால பாக்காம ஒரு எண்ணும் எழுதறதில்லை. போர்டு வரட்டும். போய்ப் பாத்து எழுதிக்கிட்டு வரேன். அதுவரைக்கும் புள்ளி வெச்சு வை."

ஏழு இலக்கம் வரும் என்று அவருக்குத் தெரியும். அவள் ஏழு புள்ளி வைத்தாள்.

பலகை ஒரு திங்கட்கிழமை மாலை நட்டார்கள். மறுநாள் காலை பழுதுபார்த்து வந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சட்டைப்பையில் குறிப்புப் புத்தகமும் பேனாவும் வைத்துக்கொண்டு அவர் கிளம்பினார். கடைக்கு வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். மெஷினில் நல்ல தாளாகப் போட்டு வை, வழக்கமாகப் போடும் சாணித் தாள் வேண்டாம் என்றும் சொன்னார். மகன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக நேராக அவரிடம், "நான் கொண்டு விடட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம், நடந்தே போகிறேன் என்றார் அவர்.

மருமகள் போய்ச் சேர்ந்தபோது அவர் பேருந்து நிறுத்தத்தின் சிமெண்ட் இருக்கையில், பலகையைப் பார்த்தபடி இருந்தார். சலவைக்கடை அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விட்டால் சாய்ந்துவிடுவார் என்று. கண்ணாடி மூக்கில் இருந்தது. குறிப்புப் புத்தகம் மடியில் திறந்திருந்தது. அன்றைய தேதி, அதற்குக் கீழே 1840. அவ்வளவுதான். பழக்கத்தில் அங்கே நிறுத்தினாரா, மீதியை எழுத நேரமில்லாமல் போனதா என்பது யாருக்கும் தெரியாது. எதிரே பலகையில், உள்ளங்கை உயர எழுத்தில், 18,40,650 லிட்டர் என்று இருந்தது. முதல் நான்கு எண்ணும் அவர் சொன்னவைதான்.

பிறகு வந்த மகன் புத்தகத்தை வாங்கிப் பார்த்தான். எதற்கு எழுதினார் என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்பா மணி சொல்ற மாதிரியே" என்றான். கடிதத்தை முழுதாக எழுதிக் கொடுத்துவிடும்படி இரண்டு நாள் கழித்து அவளிடம் சொன்னான். சரி என்றாள்.

முப்பது நாளில் நகராட்சிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் வந்தன. மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர் சுத்திகரித்த கழிவுநீராக இருக்க வேண்டும், குடிநீர் எடுக்கும் மீட்டர் வெளிவாசலில் சாலையைப் பார்த்து இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார்கள். கட்டடம் இப்போது இரண்டாவது மாடியில் இருக்கிறது. மகன் அங்கேதான் வேலை செய்கிறான். பக்கத்து ஊர் நகராட்சி அந்த விதியின் நகலைக் கேட்டு ஆள் அனுப்பியது. பதினொரு பக்கம், நகல் எடுத்துக் கொடுத்தது மருமகள்தான். யாரோ பலகையின் காலில் ஒரு மிதிவண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைக்கிறார்கள்.

அவள் தினமும் இரண்டு முறை பேருந்தில் அந்தப் பலகையைக் கடந்து போகிறாள். எண் அவளுக்கு மனப்பாடம். பதிவேட்டில் இன்னும் 1,840 லிட்டர் என்றுதான் இருக்கிறது. கடைக் கணினியில் 'திருத்தம்' என்ற பெயரில் இருக்கும் கடிதத்தில், 'சரியான அளவு' என்பதற்கும் 'லிட்டர்' என்பதற்கும் நடுவே ஏழு புள்ளிகள் இருக்கின்றன.